வெறும் மண்ணின் நெடி

செல்வம்மாள் தலையில் இருந்த எருக்கூடையை இறக்கக்கூடத் தோன்றாமல் வரப்பிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய நிலத்தின் நடுவில், காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியும் போட்ட ஓர் ஆள் மண்டி போட்டு உட்கார்ந்து, அவள் முந்தின நாள் இறைத்துவிட்டுப் போன எருவைக் கைநிறைய அள்ளி மூக்கருகே கொண்டுபோய் மோந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மணியக்காரர் சின்னதுரை குடையைப் பிடித்துக்கொண்டு, நடப்பதெல்லாம் தனக்கும் விளங்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். எருவை மோந்து பார்க்கிற மனுஷனைச் செல்வம்மாள் அதுவரைக்கும் பார்த்ததில்லை. மாட்டுக்கொட்டகையிலேயே பாதிப் பொழுதைக் கழிக்கிறவர்களுக்கு அதைத் தனியாக வேறு மோந்து பார்க்க என்ன இருக்கிறது?

"இந்தா செல்வம்மா, பயப்படாத. விவசாய இலாகாவுலேருந்து வந்திருக்காரு. வேணுகோபால்னு பேரு. ஒன் நெலத்துல என்னமோ அளக்கணுமாம்" என்றார் மணியக்காரர்.

அளக்கணும் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் கூடையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நிலத்தை அளப்பது என்றால் அவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். சங்கிலி பிடிப்பார்கள், கல் நடுவார்கள், அப்புறம் அது வேறு யாருடையதோ ஆகிவிடும்.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. அவளுடைய புருஷன் முருகையனும் அவன் தம்பி வீரமுத்துவும் பாகம் பிரித்துக்கொண்டபோது எல்லாவற்றையும் நேர்பாதியாகத்தான் பிரித்தார்கள். கரிசல் காடு ஆளுக்குப் பாதி. வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர். ஒரு ஜோடி உழவு மாடு இருந்தது, அதையும் விட்டுவைக்கவில்லை. மயிலை அண்ணனுக்கு, செவலை தம்பிக்கு. ஒற்றை மாட்டைக் கட்டிக்கொண்டு எவனும் உழ முடியாது என்பது அன்றைக்கு இருந்த ரோஷத்தில் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. கலப்பையை அறுத்துப் பங்கு போடாததுதான் மிச்சம். பிறகு வேறு வழியில்லாமல் இரண்டு மாட்டையும் சேர்த்தே பூட்டி, அண்ணன் காட்டில் ஒரு நாள், தம்பி காட்டில் ஒரு நாள் என்று மாற்றி மாற்றி உழுதுகொண்டார்கள். முருகையன் ரப்பர் தோட்டத்து வேலைக்கென்று மலேயாவுக்குக் கப்பல் ஏறுகிற வரைக்கும் அது ஒழுங்காக நடந்தது. ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த பிறகு அவனிடமிருந்து கடிதாசி கிடையாது. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல அரியலூர் ரயிலில் வந்து இறங்கிய ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

வீரமுத்து கெட்டவன் இல்லை. கெட்டவன் என்று சொன்னால் வாய் அழுகிப்போகும். அண்ணன் போனதிலிருந்து இரண்டு காட்டையும் அவன்தான் உழுதான். ஆனால் எந்தக் காடு முதலில் என்று வந்தால், தன் காடு முழுக்க உழுது முடித்துவிட்டுத்தான் அண்ணி காட்டுப் பக்கம் மாட்டைத் திருப்புவான். அதற்குள் பெய்த மழையின் ஈரம் பாதி காய்ந்திருக்கும். அவளுடைய சோளம் முழங்காலில் நிற்கும்போது அவன் சோளம் இடுப்பைத் தாண்டியிருக்கும். "பொம்பளை பாக்குற வெள்ளாமை அவ்வளவுதான்" என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். வீரமுத்துவும் ஒரு நாள், குரலைத் தாழ்த்தி, மரியாதையாகவே கேட்டான். "எதுக்கு அண்ணி கஷ்டப்படறீங்க? நெலத்தை என் கையில விட்டுடுங்க. வருசம் பொறந்தா தானியத்தை ஒங்க வூட்டு வாசல்ல கொண்டாந்து போட்டுடறேன்." செல்வம்மாள் முடியாது என்றாள். காட்டில் நிற்கும்போது அவள் ஒரு காட்டுக்காரி. வாசலில் வந்து விழுகிற தானியத்தை வாங்கிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டால் அந்த வீட்டுக்கு அவள் இன்னொரு வாய், அவ்வளவுதான். அதோடு முருகையன் ஒரு நாள் வந்து இறங்கி, என் காடு எங்கே என்று கேட்டால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பதில் சொல்வாள்? அன்றிலிருந்து அவளுக்கு ராத்திரிக் கனவுகூட அந்தக் காட்டைப் பற்றித்தான்.

எருவை அவள் முன்கூட்டியே இறைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அந்த ஊரில் எருவைக் கொண்டுபோய்க் காட்டில் குமி குமியாகக் கொட்டி வைப்பார்கள். மழை பெய்து ஏர் பூட்டுகிற அன்றைக்குத்தான் குமியைக் கலைத்து இறைப்பார்கள். செல்வம்மாளும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். போன வருஷம் அவள் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொட்டியதில் வேலியோரத்துக் குமிகள் சில காணாமல் போயின. வீரமுத்துவின் வண்டியாள் எல்லை தெரியாமல் வாரிப் பக்கத்துக் காட்டில் போட்டுவிட்டானாம். கேட்கப் போனால், "எரு மேல பேரா எழுதி ஒட்டியிருக்கு அக்கா?" என்று வீரமுத்துவின் பெண்டாட்டி ஆண்டாயி சிரித்து மழுப்பினாள். மேலே கேட்டால் சண்டை. ஆகவே இந்த வருஷம் செல்வம்மாள் ஒரு காரியம் பண்ணினாள். கூடையைக் கொண்டுபோன கையோடு அங்கேயே இறைத்துவிடுவது. இறைத்த எருவை எந்தக் கொம்பன் வாரிக்கொண்டு போவான், பார்த்துவிடலாம்!

"யாரும்மா இதை இப்பவே இறைச்சது?" என்றார் வேணுகோபால், கையைத் தட்டிக்கொண்டே எழுந்து.

"நாந்தாங்க."

"உழவு எப்போ?"

"மழை பேஞ்சு, மாடு நம்ம பக்கம் திரும்பறப்பங்க."

அந்த மனுஷனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அரியலூர் ஸ்டேஷனில் வைக்கோல் சுற்றிய கண்ணாடிச் சாமான் பெட்டிகளோடு இறங்கியதிலிருந்து அவர் காடு காடாக அலைந்திருக்கிறார். போன இடமெல்லாம் குமி. "இதைத்தாம்மா தேடிக்கிட்டிருந்தேன். வெயில்ல விரிச்சுப் போட்டு உழாம கிடக்கற எரு. ஒருத்தர் காட்டுலயும் இல்லை" என்றார். செல்வம்மாள் பூரித்துப் போனாள். தன் யோசனையைத்தான் அதிகாரி மெச்சுகிறார் என்று நினைத்துக் கூடையை இறக்கி வைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவர் அடுத்துச் சொன்னதில்தான் விஷயம் வெளியே வந்தது. காலையில் மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்தால் கண்ணைக் கரிக்கிறதே ஒரு நெடி, அதற்கு அமோனியா என்று பெயராம். பயிருக்கு வேண்டிய சத்து அதில்தான் இருக்கிறதாம். எருவை வெயிலில் விரித்துப் போட்டால் சத்து அப்படியே நெடியாகக் கிளம்பிக் காற்றோடு போய்விடும், மண்ணுக்குள் புதைத்தால் தங்கும் என்று புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் இந்தக் கரிசலில், இந்த வெயிலில் எவ்வளவு போகிறது என்று இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை. சண்டைக் காலம், சர்க்கார் உணவு உற்பத்தியைப் பெருக்கு பெருக்கு என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறது, எருவில் ஒரு பிடிகூட வீணாகக் கூடாது என்று அவர் பேசிக்கொண்டே போனார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வீரமுத்து இதையெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். பிறகு முள்ளை விலக்கிக்கொண்டு நேராக மணியக்காரரிடம் வந்தான்.

"கேட்டீங்களா ஐயா? நான் சொன்னா பொறாமைம்பாங்க. இப்ப அதிகாரியே சொல்றாரு. எங்க அண்ணன் நெலத்து எரு பூரா ஆவியாப் போயிக்கிட்டிருக்கு. அவன் வர்றப்ப கட்டாந்தரையா குடுக்கறதா?"

மணியக்காரர் இரண்டு பேரையும் பார்த்தார், குடையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். இந்த வழக்கு அவர் வாசலுக்கு எத்தனையோ தடவை வந்து திரும்பியிருக்கிறது. யாருக்கும் பொல்லாப்பு இல்லாமல் அதைத் தள்ளிவிட ஒரு வழி தானாக நடந்து வந்திருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "சரிப்பா. ஐயா அளந்து பாக்கட்டும். எறைச்சுப் போட்டதுல சத்துப் போச்சுன்னா, முருகையன் வர்ற வரைக்கும் நெலம் வீரமுத்து கையில இருக்கட்டும். போகலேன்னா இனிமே வருசா வருசம் மொத ஏரு செல்வம்மா காட்டுல. என்ன, சம்மதந்தானே?" என்றார். வேணுகோபால் பதறிப்போய், "இல்லைங்க, இது ஆராய்ச்சிக்காக..." என்று ஆரம்பித்தார். யார் கேட்டார்கள்?

மறுநாளே மூன்று பெரிய மண்பானைகள் வந்து சேர்ந்தன. அளக்கிற வழி பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இறைத்த எருவின் மேல் ஒரு முக்காலி, அதன் மேல் திராவகம் ஊற்றிய பீங்கான் தட்டு, எல்லாவற்றையும் மூடி ஒரு பானையைக் கவிழ்த்துவிடுவது. கிளம்புகிற நெடி வேறு போக்கிடம் இல்லாமல் திராவகத்தில் போய் இறங்கும். முதல் பானை, எரு மேலாகக் கிடந்த இடத்தில். இரண்டாவது, எருவை மண்வெட்டியால் கொத்திப் புதைத்த இடத்தில். வேணுகோபால் தானே கொத்துகிறேன் என்று மண்வெட்டியை வாங்கினார், கை கொப்பளித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது, எருவே போடாத வெறும் மண்ணில். வெறும் மண்ணில் எதற்கு என்று செல்வம்மாள் கேட்டாள். "அதுல ஒண்ணும் வரக் கூடாதும்மா. வரலைன்னாத்தான் நம்ம அளவு சுத்தம்னு அர்த்தம்" என்றார் அவர். தினம் காலையில் பெரம்பலூரிலிருந்து சைக்கிளில் வந்து, பானைகளை நிமிர்த்தி, தட்டில் இருப்பதைச் சீசாக்களில் ஊற்றி மூடிவிட்டு, புதிதாகத் திராவகம் ஊற்றி வைப்பார். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில் சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு.

வேலை முழுக்கப் பானையின் வாய் மண்ணில் படுகிற இடத்தில்தான் இருந்தது. அங்கே இடுக்கு இருந்தால் நெடி வெளியே போய்விடும். வேணுகோபால் களிமண்ணைக் குழைத்து விளிம்பைச் சுற்றிப் பூசினார். வைகாசி வெயில் சும்மா இருக்குமா? மத்தியானத்துக்குள் பூச்சு பாளம் பாளமாக வெடித்துவிட்டது. "வெடிப்பு விட்டா அத்தனையும் பாழ். நான் போனப்புறம் நீங்கதான் பார்த்துக்கணும். காலையில பானையை வச்சதும் நல்லா பூசிடுங்க, சாயந்தரம் ஒரு தடவை பாருங்க" என்று செல்வம்மாளிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கொடுத்த இடம் சரியான இடம்தான். தன் காடு அந்தப் பானைகளுக்குள் மூடிக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பானைகளைக் கண்கொத்திப் பாம்பாகக் காத்தாள். ஆட்டைக் கிட்டே விடவில்லை, கோழியை விடவில்லை, வேடிக்கை பார்க்க வந்தவர்களின் நிழல் விழுந்தாலே விரட்டினாள். பூச்சு வெடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குதிரில் தானியத்தைக் கொட்டி வாயை மூடி மெழுகுகிறவள் அவள். வெறும் களிமண் வெடிக்கத்தான் செய்யும், சாணி சேர்த்தால்தான் பிடிக்கும். குழைக்கத் தண்ணீர் வேண்டும். ஊர்க் கிணற்றில் குடிக்கிற தண்ணீருக்கே பெண்கள் வரிசையில் நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். மண் குழைக்கக் குடத்தை நீட்டினால் இழுத்துப் போட்டு மிதிப்பார்கள். கொட்டகைக் குழியில் மாட்டு மூத்திரம் நிறைய நின்றது. அதை ஒரு சட்டியில் மொண்டுகொண்டு வந்து களிமண்ணும் சாணியும் போட்டுப் பிசைந்து, மூன்று பானைக்கும் ஒன்றுபோல, விளிம்பின் இடுக்குக்குள் அழுத்தி, வெளியேயும் வழித்து மெழுகினாள். சாயந்தரம் மறுபடியும் மேலே ஒரு கை. காலையில் வேணுகோபால் வருவதற்குள் அது கருப்பாகக் காய்ந்து கல்லாக நிற்கும். "பிரமாதம்மா! சிமெண்டு தோத்தது" என்பார். காடு முழுக்க எரு நெடி அடிக்கும்போது அதில் எந்த நெடியை அவர் தனியாகப் பிரித்துக் கண்டுபிடிப்பார்?

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். அவள் மோசம் பண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை. மூன்று பானைக்கும் ஒரே மாதிரிப் பூசினோம், ஓரவஞ்சனை இல்லை என்றுதான் மனசார நம்பினாள்.

கோடை மழை ஒரு சாயந்தரம் இடியும் காற்றுமாக வந்து இறங்கியது. அதோடு அளவும் முடிந்தது. மறுநாள் காலையில் மணியக்காரர் வீட்டு வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு, கோடு கோடாக அளவு போட்ட ஒரு கண்ணாடிக் குழாயைக் கம்பியில் மாட்டி நிறுத்தினார் வேணுகோபால். கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஏரைப் பூட்டப் போனவர்கள்கூடப் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார்கள். சீசாவிலிருந்து ஊற்றிய தண்ணீரில் ஒரு சொட்டு சாயத்தை விட்டதும் அது குங்குமத்தைக் கரைத்தாற்போல் சிவந்தது. குழாயிலிருந்து கார நீர் சொட்டுச் சொட்டாக விழ விழ, ஒரு சொட்டில் சட்டென்று மஞ்சளாக மாறியது. சீக்கிரம் மஞ்சளானால் நெடி நிறையப் போயிருக்கிறது என்று அர்த்தம், தாமதமானால் கொஞ்சம் என்று அவர் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னார். முதல் பானைத் தண்ணீர் சீக்கிரமே மஞ்சளாகிவிட்டது. வீரமுத்து மீசையைத் தடவிக்கொண்டான். செல்வம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது பானை, கொத்திப் புதைத்தது. கிட்டத்தட்ட அதே கோட்டில் அதுவும் மஞ்சளானது. வேணுகோபால் புருவத்தைச் சுருக்கினார். இன்னொரு தரம் செய்து பார்த்தார். அதேதான். மூன்றாவது, வெறும் மண். அதுவும் அங்கேயேதான் வந்து நின்றது.

"மேல கெடந்த எருவும் பொதைச்ச எருவும் ஒண்ணு. அப்படித்தானே சார்?" என்றார் மணியக்காரர்.

"இந்தக் கணக்குப்படி அப்படித்தான் தெரியுது. ஆனா வெறும் மண்ணுலயும்..."

"அப்பறம் என்னய்யா ஆனா! ஒண்ணுன்னா ஒண்ணுதான். மேல போட்டு வச்சதுல ஒண்ணும் கெட்டுப் போயிடலை. மொத ஏரு செல்வம்மா காட்டுக்கு."

கூட்டம் கலைந்தது. மழை ஈரம் காத்திருக்கும்போது ஓர் 'ஆனா'வுக்காக நிற்க யாருக்குப் பொழுது இருக்கிறது? வீரமுத்து மட்டும் கொஞ்ச நேரம் அந்த மஞ்சள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செல்வம்மாளிடம் வந்தான். கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். "தப்பா பேசிட்டேன் அண்ணி, மனசுல வச்சுக்காதீங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு ஒங்க காட்டுலயே பூட்டறேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

செல்வம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. காட்டுக்குப் போய்ப் பானைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுமந்துகொண்டு வந்து, தொட்டி அருகே உட்கார்ந்து, வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே கழுவினாள். வெறும் மண்ணில் கவிழ்த்த பானையைத் திருப்பினாள். மழையில் ஊறிப்போன பூச்சு விளிம்பில் வளையமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டக் குனிந்தபோது குப்பென்று முகத்தில் அடித்தது. கண் கரித்துத் தண்ணீர் வந்துவிட்டது. எரு படாத பானை. அதற்குள் மாட்டுக்கொட்டகை நெடி. அவள் சுரண்டுவதை நிறுத்திவிட்டு விரலை மோந்து பார்த்தாள். எருவை மோந்து பார்க்கிற மனுஷனைப் பார்த்து அதிசயப்பட்டவள், அவரைப் போலவே உட்கார்ந்து மோந்தாள். அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நெடி மண்ணிலிருந்தும் வரவில்லை, எருவிலிருந்தும் வரவில்லை. சட்டியில் மொண்டு மொண்டு கொண்டுபோய் அவளே மூன்று பானைக்கும் சமமாகப் பங்கு வைத்திருக்கிறாள்.

"அம்மா" என்று குரல் கேட்டது. வேணுகோபால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் பெட்டி கட்டியிருந்தது. முகம் வாடிக் கிடந்தது. "கிளம்பறேம்மா. பெட்ரோல் இல்லாம கரியில ஓடற பஸ், எப்ப வரும்னு அதுக்கே தெரியாது. ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். வெறும் மண்ணுல எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குப் பிடிபடவே இல்லை. விளிம்புல மண்ணைத்தானே பூசினீங்க?"

செல்வம்மாள் பானையைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

"ஆமாங்க சார். மண்ணுதாங்க."

"அதானே" என்றார் அவர். திராவகம் பழசோ என்னமோ, அடுத்த கோடையில் வந்து திரும்பச் செய்ய வேண்டும், அதுவரைக்கும் மேலே இருப்பவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். செல்வம்மாளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவர் தெருவைத் தாண்டுகிற வரை அவள் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. போய்த் தொலையட்டும், அவருக்கு ஒரு கணக்கு தப்பினால் இன்னொரு கணக்கு, எனக்கு இருப்பது ஒரு காடு என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ராத்திரி சோறு நன்றாகத்தான் இறங்கியது.

மறுநாள் வீரமுத்து சொன்ன சொல் தவறாமல் அவள் காட்டில் உழுதுகொண்டிருந்தான். முந்தின நாளே தொடங்கிவிட்டிருந்தான். மயிலையும் செவலையும் ஈர மண்ணில் பதமாக நடந்தன. கொழு போன இடமெல்லாம் கரிசல் பளபளவென்று புரண்டது. இத்தனை வருஷத்தில் அவளுடைய காடு ஊரில் முதல் காடாக உழவு காண்பது இதுதான் முதல் தடவை. செல்வம்மாள் ஏருக்குப் பின்னால் ஒரு கட்டையால் கட்டி உடைத்துக்கொண்டே போனாள். முருகையன் மட்டும் இதைப் பார்த்தால்! வீரமுத்து ஓரத்தில் தூர்ந்துபோய்க் கிடந்த மூலையைக்கூட விடாமல், மாட்டை மடக்கி மடக்கித் திருப்பி உழுதான். வேர்வை முதுகில் வழிந்தது. தன் காட்டைக்கூட அவன் இவ்வளவு கருத்தாக உழுது அவள் பார்த்ததில்லை.

மழை விட்டதும் வெயில் பழையபடி ஏறிவிட்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரலும் சிரிப்புமாகக் கேட்டது. செல்வம்மாள் நிமிர்ந்தாள். வீரமுத்துவின் காட்டில் ஆண்டாயியும் அவளோடு நாலைந்து பெண்களும் குமிகளைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். கூடை கூடையாக வாரிக் காடு முழுவதும் இறைத்துக்கொண்டு போனார்கள்.

"என்ன தம்பி, இப்பவே எறைக்கறாங்க?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"ஆமா அண்ணி. முன்னப்பின்ன எறைச்சா ஒண்ணும் கெடுதல் இல்லேன்னு அதிகாரியே அளந்து காட்டிட்டாரே. ஒங்க காடு முடிஞ்சு மாடு அங்க வர நாளாகும். அதுவரைக்கும் ஆளுங்க சும்மா கெடக்கறதுக்கு இந்த வேலையை முடிச்சுட்டா உழவு அன்னைக்கு லேசாப் போயிடும். நீங்க பண்ணுனதுதான் சரி. நமக்குத்தான் இத்தினி நாளா உறைக்கலை" என்றான் வீரமுத்து, மாட்டை அதட்டிக்கொண்டே.

செல்வம்மாள் குனிந்து ஒரு கட்டியை உடைத்தாள். அது ஏற்கனவே உடைந்த கட்டி. வேலியைத் தாண்டி வந்த காற்றில் நெடி அடித்தது. மழையில் ஊறி, வெயிலில் வெந்து, கண்ணைக் கரிக்கிற மாதிரிக் கிளம்பியது. இதுதான் சத்து என்று அந்த மனுஷன் சொன்னார். ஒரு வருஷத்துச் சாணி, ஒரு வருஷத்துக் கூளம், ஆண்டாயி விடியக் கருக்கலில் எழுந்து வாரிக் கொட்டியது, அத்தனையும் அவள் கண்ணெதிரே மேலே போய்க்கொண்டிருந்தது. போகட்டுமே என்று மனசின் ஒரு மூலை சொன்னது. போன வருஷம் என் குமியை வாரினார்களே, எரு மேல் பேரா எழுதியிருக்கிறது என்று சிரித்தாளே! அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பேசவிட்டாள். இதமாகத்தான் இருந்தது. ஆனால் ஆண்டாயியின் பிள்ளைகள் மூன்றும் அந்தச் சோளத்தைத் தின்றுதான் வளர்கின்றன. பாதி நாள் செல்வம்மாள் அடுப்படியில் வந்து பெரியம்மா என்று தட்டை நீட்டுகின்றன.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரே ஒரு வார்த்தை போதும். மணியக்காரர் வாசலில் மறுபடியும் கூட்டம் கூடும். சாணியும் மூத்திரமும் போட்டு அதிகாரியை ஏமாற்றினாள் என்பார்கள். தெரியாமல் செய்தேன் என்றால் எவன் நம்புவான்? மண்ணுதான் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாளே, அது தெரியாமல் சொன்னதா? உழுத சால் ஈரம் காய்வதற்குள் காடு கைமாறிவிடும். வேறு ஏதாவது காரணம் சொல்லி அவர்களை நிறுத்தப் பார்க்கலாம். இன்றைக்கு நாள் சரியில்லை என்று சொல்லலாமா? நாள் பார்த்துத்தான் ஏர் பூட்டியிருக்கிறார்கள். கரையான் அரிக்கும் என்று சொல்லலாமா? அவள் காட்டு எருவை அரிக்காத கரையான் அந்தக் காட்டில் எங்கேயிருந்து வரும்? யோசித்து யோசித்து ஒன்றும் அகப்படவில்லை. ஆண்டாயி அடுத்த கூடையை நிரப்பித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். பின்னால் இன்னும் நிறையக் குமிகள் கலைக்காமல் கிடந்தன.

"ஆண்டாயி, கொட்டாத!"

சத்தமாகவே வந்துவிட்டது. அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வீரமுத்து கலப்பையை அமுக்கி நிறுத்தினான். மாடுகள் இரண்டும் நின்று மூச்சு வாங்கின.

"ஏன்க்கா?" என்றாள் ஆண்டாயி.

"என்ன அண்ணி? என்னாச்சு?" என்றான் வீரமுத்து.

செல்வம்மாள் பாதி உழுத தன் காட்டின் நடுவில் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆண்டாயி, கொட்டவும் இல்லாமல் இறக்கவும் இல்லாமல், இரண்டு கையாலும் கூடையைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் ஊறிய எருவின் தண்ணீர் கூடையிலிருந்து கசிந்து அவள் நெற்றியில் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை இல்லாததால் ஒரு கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள்.